மூடியக்காவும் மூவாயிரம் பாட்டிலும்

பாட்டிலில் இன்னும் இரண்டு மடக்குத் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதற்குள் மூடியக்கா அதை என் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தை ஜன்னலோரத்துச் செடிக்கு ஊற்றிவிட்டு, மூடியைத் தன் மேலங்கியின் இடது பையில் போட்டுக்கொண்டார். பாட்டில் கழுத்தில் தங்கிவிட்ட வளையத்தைச் சின்னக் கத்தியால் ஒரு நெம்பு நெம்பினார். அதுவும் இடது பைக்கே போயிற்று. லேபிளை உரித்து வலது பையில் திணித்தார். "குடிச்சு முடிச்சுட்டீங்கல்ல சார்?" என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். முடிக்கவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"பாட்டில் வேற, மூடி வேற சார். ரெண்டையும் சேர்த்து உருக்கினா ரெண்டும் கெட்டுப்போகும். பொருந்தாத கல்யாணம் மாதிரி." இதை ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது சொல்லிவிடுகிறார். பஸ் நிறுத்தத்தில் சொல்கிறார், ஆஸ்பத்திரி வரிசையில் சொல்கிறார், ஒருமுறை துக்க வீட்டிலும் சொல்லியிருக்கிறார். வந்தவர்களுக்கெல்லாம் அங்கே தண்ணீர் பாட்டில் கொடுத்தார்களாம். "அழுதுகிட்டே நாப்பது மூடி கழட்டினேன்" என்றார். அழுகை பொய்யில்லை, செத்துப்போனது சொந்தச் சித்தி.

வயது ஐம்பத்திரண்டு. மூடிக்கிடந்த சோப்புக் கிடங்கு ஒன்றில் பதினோரு பெண்கள் குப்பை பிரிக்கும் கொட்டகைக்கு அவர்தான் மேஸ்திரி. வாடகை, விளக்கு, கையுறை எல்லாம் ஒரு தர்ம ட்ரஸ்ட்டின் உபயம். ட்ரஸ்ட் கையை எடுத்துவிட்டால் கொட்டகை இல்லை. கொட்டகை போனால் அந்தப் பதினோரு பேரும் மறுபடி சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகக் கிளற வேண்டியதுதான். மூடியக்கா ஒன்பது வருஷம் அப்படி அலைந்தவர். அதனாலோ என்னவோ, இன்றைக்கும் அவர் கால் ஓரிடத்தில் நிற்காது. பேசிக்கொண்டே கிடங்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். கூடவே நடந்து குறிப்பெடுத்ததில் என் எழுத்து எனக்கே புரியவில்லை.

எங்கள் அறிமுகம் அவ்வளவு கௌரவமானதல்ல. ஒரு நாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் நிற்கிறார், கையில் என் வீட்டுக் குப்பை. "இது உங்களுதுதானே சார்? உள்ள கூரியர் கவர் இருந்துச்சு, அட்ரஸ் போட்டிருந்துச்சு." பையிலிருந்து கழுவாத பால் பாக்கெட் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "மறுசுழற்சின்னு நீலக் கூடையில போட்டுட்டு நீங்க நிம்மதியா இருக்கீங்க. நல்ல பேரு உங்களுக்கு, நாத்தம் எனக்கா?" எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் பாக்கெட்டை வாங்கிக் கொண்டுபோய்க் கழுவினேன். இன்றுவரை கழுவுகிறேன், பயம்தான் காரணம்.

பிளாஸ்டிக்கைக் காதால் அடையாளம் காண்கிறார். காதருகே வைத்து ஒரு கசக்கு. "மொறுமொறுன்னா ஒரு ரகம், மெத்துன்னா வேற ரகம். சந்தேகம் இருந்தா வெட்டித் தண்ணியில போடு. பாட்டில் துண்டு முங்கும், மூடி மிதக்கும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." அவர் கணவர் துணி திருத்தும் தையற்காரர், பரம சாது. தூக்கத்திலும் மனைவியின் விரல்கள் எதையோ திருகிக்கொண்டிருக்கும் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். மகள் நர்ஸிங் படிக்கிறாள். அம்மா காலியாகாத ஷாம்பு பாட்டிலைத் தூக்கிப் போய்விடுவாள் என்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாளாம்.

தர்மம் என்றால் மூடியக்காவுக்குக் கொஞ்சம் உதறல். போன வருஷம் ட்ரஸ்ட் ஒரு அமுக்கு மெஷின் வாங்கித் தந்தது. பாட்டில்களை நசுக்கிக் கட்டுகளாக்கித் தரும் பெரிய மெஷின். அது ஓட த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும், கொட்டகைக்கு அந்த இணைப்பு கிடையாது. கட்டிய ரிப்பன்கூட அவிழாமல் நிற்கிறது, பெண்கள் அதன்மேல் சாப்பாட்டு டப்பாக்களை வைக்கிறார்கள். "நல்ல உயரம் சார், எறும்பு ஏறாது" என்கிறார். தானமாக வந்து இறங்கும் மூட்டைகளில் ஒற்றைக் கால் செருப்பும் கை போன பொம்மையும் இருக்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். "நான் பாக்கலைன்னா மில்லுல பாப்பான் சார்" என்றார் பட்டென்று.

பாட்டில்களை வாங்கி உருக்கும் அந்த மில்தான் இவர்களுக்கு உலகம். பிரித்த பாட்டில்கள் லாரியில் அங்கே போகும். வாசலிலேயே ஒரு மூட்டையை உருவி அறுத்துப் பார்ப்பார்கள், கலப்படம் இருந்தால் மொத்த லாரியும் திரும்பும். ஏற்கெனவே இரண்டு முறை திரும்பியாயிற்று. முதல்முறை யாரோ ஒரு புண்ணியவான் பாட்டிலுக்குள் கழிவு எண்ணெயை ஊற்றி இறுக்கி மூடியிருந்தார். இரண்டாம் முறை மூட்டைக்கு நடுவே ஒரு குழந்தையின் டயப்பர் இருந்தது. மூன்றாவது முறை திரும்பினால் இந்தக் கொட்டகைச் சரக்கை இனிமேல் தொடவே மாட்டோம் என்று மில்லில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதம் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூடியக்கா அதைக் கடக்கும்போதெல்லாம் நடையைக் கூட்டுகிறார்.

இந்த நிலைமையில்தான் போன சனிக்கிழமை வந்தது.

ட்ரஸ்ட் அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தங்கமான மனுஷி, அதுதான் சிக்கல். திட்டித் தீர்க்கவும் வழியில்லை. எங்கோ எதையோ பார்த்துவிட்டு, காலி பாட்டிலுக்குள் பிஸ்கட், சிப்ஸ் உறைகளைத் திணித்து நிரப்பினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று முடிவுகட்டி, மூன்று மாதம் ஊரையே திரட்டியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வூதியக்காரர்கள், வீட்டோடு இருப்பவர்கள் எல்லோரும் குச்சியால் குத்திக் குத்தி நிரப்பியிருக்கிறார்கள். மூவாயிரம் பாட்டில், அதிகம் நிரப்பியவருக்குப் பரிசு என்று ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர் எழுதியிருந்தது. மூடியக்காவிடம் சொல்லியிருந்ததோ "ஒரு லாரி பாட்டில் வருது, அப்படியே மில்லுக்கு அனுப்பிடலாம்" என்று மட்டும்தான். காலி பாட்டில் என்று இவர் குதூகலமாக இருந்தார்.

லாரி வந்து நின்றது. துணி பேனர், நாற்காலிகள், கேமரா, ட்ரஸ்ட் அம்மா கையில் அசைப்பதற்கு ஒரு கொடி. மூடியக்கா வழக்கம்போல் லாரியின் பின்பக்கம் போய்ச் சாக்கிலிருந்து ஒரு பாட்டிலை உருவினார். கனத்தது. காதருகே வைத்துக் கசக்கினார். சத்தமே இல்லை. இன்னொன்று, இன்னொன்று. முகம் வெளிறி என்னிடம் ஓடிவந்தார்.

"குடி முழுகிப்போச்சு சார். எல்லாத்துலயும் அடைச்சு வெச்சிருக்காங்க. இதை அனுப்பினா மில்லு வாசலை அடைச்சுடுவான். அனுப்பலைன்னா இத்தனை பேரு முன்னாடி அம்மாவுக்கு அவமானம், ட்ரஸ்ட் கையைக் கழுவிடும். முன்னே போனா கடிக்குது, பின்னே வந்தா உதைக்குது. நான் என்னதான் பண்ணுவேன்?"

எனக்கென்ன தெரியும்? பேனா பிடிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? நான் விழித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைச் சுற்றி இரண்டு நடை நடந்தார், தூணைச் சுற்றுவது மாதிரி. கொட்டகை வாசலில் பதினோரு பெண்களும் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் எழுந்தது. ட்ரஸ்ட் அம்மா கொடியை உயர்த்தினார்.

"தம்பி, வண்டியை அணைச்சுடு!" என்று கத்தினார் மூடியக்கா.

டிரைவர் அணைத்துவிட்டான். ட்ரஸ்ட் அம்மா கொடியை உயர்த்தியபடியே, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார். என் வாசலில் நின்று மானத்தை வாங்கிய அந்த வாய் அங்கே அடைத்துக்கொண்டது. "அம்மா... வந்து..." என்றார். விறுவிறுவென்று போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து, மேஜைமேல் வைத்து, கத்தியால் நெடுக அறுத்தார்.

உள்ளே இருந்ததைப் பார்த்து அவர் கை ஒரு கணம் தயங்கியதை நான் கவனித்தேன். அழுக்கு இல்லை, எண்ணெய் இல்லை. ஒவ்வொரு உறையும் கழுவி, காயவைத்து, நாலாக மடிக்கப்பட்டிருந்தது. குத்தி இறக்கிய வேகத்தில் ஒன்றோடொன்று இறுகி, இடுக்கியால் ஒவ்வொன்றாகத்தான் பிய்க்க முடிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நாலரை நிமிஷம் ஆயிற்று. மேஜைமேல் எழுபத்தொரு உறைகளும் வாய் பிளந்த ஒரு பாட்டிலும் கிடந்தன.

"அழகாத்தான் செஞ்சிருக்காங்கம்மா" என்றார் மூடியக்கா. "ஆனா உறை வேற, பாட்டில் வேற. சேர்ந்து போனா ரெண்டும் குப்பைதான். ஒண்ணைப் பிரிக்க இவ்வளவு நேரம். மூவாயிரம் இருக்கு. அப்படியே போச்சுன்னா மில்லுல இது மூணாவது தடவை. அதுக்கப்புறம் எங்களை உள்ள விடமாட்டாங்க."

"அப்போ இத்தனை பேர் மூணு மாசம் செஞ்சது?" ட்ரஸ்ட் அம்மா கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது என்னோட பாட்டில்."

ரிடயரான தபால்காரர் அவர். இருநூற்று நாற்பது பாட்டில் நிரப்பிக் கொடுத்தவர், அன்றைக்கு முதல் பரிசு அவருக்குத்தான். மேஜையருகே வந்து மடித்த உறை ஒன்றை எடுத்துப் பார்த்தார். "மடிச்சது என் வீட்டுக்காரி. ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. ஆனா கை சும்மா இருக்காது அவளுக்கு. மடிச்சு மடிச்சுக் குடுப்பா, நான் குடைக்கம்பியால இறக்குவேன். போன மாசம் வரைக்கும்..." என்று நிறுத்தினார். பிறகு, "தப்பாவா செஞ்சோம்?" என்றார்.

மூடியக்கா அழுதுவிட்டார். ஆனால் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. பதினோரு பெண்களும் சாக்குகளை இறக்கத் தொடங்கினார்கள், லாரி காலியாகத் திரும்பியது. ட்ரஸ்ட் அம்மா கொடியைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "கமிட்டி என்ன சொல்லும்னு எனக்கே தெரியலைம்மா. கேட்டுச் சொல்றேன்" என்றார். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. கமிட்டிக் கூட்டம் தள்ளிக்கொண்டே போகிறது, மூடியக்கா தினம் இரண்டு தடவை எனக்குப் போன் செய்து, "உங்களுக்கு ஏதாவது காதுல விழுந்துச்சா சார்?" என்கிறார்.

அன்று நாற்காலிகளை அடுக்கி முடித்து எல்லோரும் போன பின்பும் தபால்காரர் போகவில்லை. சாக்குகளுக்கு நடுவே நின்று தன் பெயர் எழுதிய பாட்டில்களைத் தேடி ஒதுக்கிக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் வேற யாரும் அறுக்க வேண்டாம்மா. நானே பிரிச்சுக் குடுத்துடறேன்" என்றார்.

மூடியக்கா தன் கையுறைகளைக் கழற்றி, அவருடைய வலது கையைப் பிடித்து, விரல் விரலாக உள்ளே நுழைத்துவிட்டார். சுண்டுவிரல் தவறான ஓட்டைக்குள் போய்விட்டது. உருவிவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டுவிட்டார்.