ஆயுளுக்கும் அலைன்மென்ட்

கார் சக்கரங்களை ஆயுள் முழுவதும் இலவசமாக நேராக்கித் தருகிறோம் என்று ஒரு கடை சொன்னால், யாருடைய ஆயுள் என்று முதலில் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த மேனேஜர், "லைஃப்டைம்னா லைஃப்டைம்தான் மேடம்" என்று சிரித்திருப்பார். அந்தக் கடைகளில் சிரிப்பதற்கு நன்றாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். கொண்டுவந்த காரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜோடி சேர்க்கும் மேஜை என்னுடையது. தைத்து, அடி ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூக்களில் இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறம், உயரம், தோலின் மடிப்பு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒரே தோலில் அடுத்தடுத்த இடத்தில் வெட்டினால்தான் இரண்டும் ஒரே மாதிரி இழுபடும். வேறு தோலில் வெட்டியது கலந்துவிட்டால், போடுகிறவனுக்கு ஒரு மாதத்தில் ஒரு கால் தொளதொளவென்று ஆகிவிடும். எல்லாம் சரியாக இருந்தால்தான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவோம். அந்த ஸ்டிக்கர் இருக்கிறது என்றால் அந்த ஷூவை ஒருத்தி கையில் எடுத்து, விரலால் தடவி, வளைத்துப் பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம்.

காரை நான் வாங்கியது அம்மாவுக்காக. அம்மா காவேரிப்பாக்கத்தில் தனியாக இருக்கிறாள். முட்டி போய்விட்டது. ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் போவதென்றால் வேலூரில் இறங்கி ஏறி, வாலாஜாவில் இறங்கி ஏறி, போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிடும். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதும் திரும்பக் கிளம்ப வேண்டும். அதனால் பண்டிகைக்குப் பண்டிகைதான் போய்க்கொண்டிருந்தேன். பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் அம்மாவைக் குளிப்பாட்டி, ஆராதனைக்கு அழைத்துப்போய், சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்று காட்டிவிட்டு வர முடிந்தது. அம்மாவுக்கு அந்த ஏரிக்கரைச் சுற்று ஆராதனையைவிட முக்கியம். அதைப் பாஸ்டரிடம் சொல்லமாட்டாள்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசர். கார் ஓட்ட வராது. லைசென்ஸ் எடுக்கவில்லை, கருத்து மட்டும் நிறைய எடுத்து வைத்திருக்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்ததும் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். ஊர் போய்ச் சேரும் வரை விடமாட்டார்.

மாதனூர் பக்கத்தில் சர்வீஸ் ரோட்டில் கிடந்த ஒரு இரும்புத் துண்டு முன்பக்க இடது டயரைக் கிழித்தது. அங்கிருந்து ஆரம்பித்தது எல்லாம். ஸ்டெப்னி டயரை மாட்டிக்கொண்டு வேலூர் பைபாஸில் அந்தப் பெரிய கடைக்குப் போனேன். பெயர் எதற்கு? எல்லா ஊரிலும் அதே கண்ணாடி, அதே காபி மெஷின், அதே கறுப்பு சோபா. தோல் சோபா என்று காட்டிக்கொள்ளும் ரெக்சின். உட்காரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரிக்கு அது ஒன்றே போதும், எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். காபி சூடாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

"ஒண்ணு மாத்துனா போதும் மேடம், ரைட் சைடு நல்லாத்தான் இருக்கு" என்றார் மேனேஜர். அளவு சரியாக, வேறு கம்பெனி டயர் ஒன்றைப் போட்டார்கள். கூடவே அந்த ஆயுள் திட்டத்தையும் தலையில் கட்டினார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், அலைன்மென்ட் இலவசம். பளபளவென்று ஒரு அட்டை கொடுத்தார்கள். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பெருமையாக வந்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றிலிருந்து கார் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஸ்டீரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ரோட்டோரத்து வேலியை விசாரிக்கப் போய்விடும். நான் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அப்புறமும் போனேன். போய்க்கொண்டே இருந்தேன்.

அங்கே நடப்பது ஒரு பூஜை மாதிரி. காரை மேடையில் ஏற்றி, சக்கரங்களில் எதையோ மாட்டுவார்கள். டிவியில் சில எண்கள் சிவப்பாக வரும். கீழே ஒருவர் எதையோ திருகுவார். சிவப்பு பச்சையாகும். பச்சையைப் பிரின்ட் எடுத்துக் கொடுப்பார்கள். அலைன்மென்ட் இலவசம், சத்தியமாக இலவசம். ஆனால் அதற்கு முன்னால் சக்கரத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். பேலன்ஸிங்குக்கு ஒட்டும் எடைத்துண்டுக்குக் கிராம் கணக்கில் விலை. எங்கள் பக்கத்தில் கிராம் கணக்கில் வாங்குவது நகைக்கடையில்தான். டயரில் சாதாரணக் காற்று ஆகாது, நைட்ரஜன் வேண்டும். ஏசியில் பூச்சி இருக்கும், அதற்கு ஒரு ஸ்ப்ரே. இலவசத்துக்குப் போய் ஒருநாளும் நான் இலவசமாகத் திரும்பியதில்லை.

"இன்னும் இழுக்குது சார்" என்றேன் ஒருநாள்.

மேனேஜர் பிரின்டை என் முன்னால் விரித்தார். "எல்லாம் கிரீன் மேடம். நீங்க ஸ்டீரிங்க ஒரு பக்கமா புடிக்கிறீங்களோ இன்னாவோ. லேடீஸ் நெறைய பேருக்கு அப்படித்தான்."

"ஒரு தடவ நீங்களே ஓட்டிப் பாருங்களேன்."

"டெஸ்ட் டிரைவ் பிளான்ல வராது மேடம்."

அந்த ஆளை அங்கேயே நாலு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, நம்பினேன். எங்களைப் போன்றவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். பச்சை ஸ்டிக்கர் ஒட்டியே பிழைப்பு நடத்துகிறவள் நான். பச்சை என்றால் அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கும், தொட்டுப் பார்த்திருக்கும் என்று என் புத்தியில் ஊறிப்போயிருந்தது. தொடாமலே பச்சை வரும் ஒரு இடம் உலகத்தில் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அதனால் காரைச் சந்தேகப்படாமல் என் கைகளைச் சந்தேகப்பட்டேன். சீட்டை முன்னே தள்ளினேன், முதுகுக்குத் தலையணை வைத்தேன், தோளைத் தூக்கிப் பிடித்து ஓட்டினேன். தோள் வலி வந்தது. கார் இடது பக்கமே போனது.

வீட்டுக்காரர் இதைத் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டார். என் மச்சாண்டாருக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி ஆகிவிட்டது. அவர் மகனுக்கு ஒரு கார் தேடிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டரே சொல்லிட்டான், கார்ல கோளாறு இல்லைன்னு. உனுக்கு ஹைவே ஆவாது மா. ரிஸ்க் ஜாஸ்தி. நம்ம பையன் வச்சுக்கட்டும், கம்மி பண்ணி போட்டுக் குடு. ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சி வர்றோம்" என்றார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவுரு சொல்றதும் சரிதான்" என்றார். என் பெயரில் இருக்கும் காருக்கு இரண்டு ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "பரவாயில்ல, பஸ்ல வரும்போது வாம்மா" என்றாள். கிறிஸ்துமஸுக்கு வா என்று அதற்கு அர்த்தம். போனை வைத்துவிட்டு அழுதேன். பிரின்ட் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

அந்த வாரம் மேஜைக்கு ஒரு ஜோடி வந்தது. பக்கத்தில் உட்காரும் பெண் என் தோஸ்த், உருதுக்காரி. அவள் அதைத் தூக்கி என் முன்னால் வைத்தாள்.

"பேஜாரு அக்கா இது. தனித்தனியா பாத்தா ரெண்டும் பாஸு. ஜோடியா வச்சா ஃபெயிலு."

கையில் இருந்த ஷூவை வைத்துவிட்டேன். சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கார் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். ஷூவை மேஜையில் சேர்த்து வைக்கலாம், டயரை யார் சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள்? ஒரு பக்கமாக நின்றால் ஒன்றுதான் தெரியும். நான் ஏறுவது வலது பக்கம், வீட்டுக்காரர் ஏறுவது இடது பக்கம். மண்ணில் முட்டி போட்டு காரின் மூஞ்சிக்கு நேராகக் குனிந்தேன். முதல்முறையாக இரண்டையும் ஒன்றாகப் பார்த்தேன். டயரின் கோடுகள் வேறு, ஓரத்துத் தோள்பட்டை வேறு, தேய்மானம் வேறு. என் மேஜையில் இந்த லட்சணத்தில் ஒரு ஜோடி வந்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன்.

சனிக்கிழமை வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முன்பக்க டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன். கோளாறு டயரில் என்றால் இழுப்பும் பக்கம் மாற வேண்டும்.

"அது பிளான்ல வராது மேடம். தனி சார்ஜ்."

கொடுத்தேன். அந்தக் கடையில் எனக்கு நடந்த ஒரே உருப்படியான வேலை, திட்டத்தில் வராத அந்த வேலைதான்.

பைபாஸை விட்டு ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் இறங்கினேன். மெதுவாக ஓட்டினேன். வீட்டுக்காரர் வழக்கம்போலக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டீரிங்கில் விரல்களைத் தளர்த்தினேன்.

"ஏய், ஏய், ரைட்ல போவுது!"

"இத்தினி நாளா எந்தப் பக்கம் போச்சு?"

கைப்பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டார். "லெஃப்ட்ல."

"அப்போ இன்னா, நேத்து ராத்திரி என் கை மாறிப்போச்சா?"

அவர் கண்ணாடி வழியாக வெளியே எதையோ ரொம்ப முக்கியமாகப் பார்த்தார்.

திரும்பிப் போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. மறுபடியும் மேடையில் ஏற்றினார்கள், மறுபடியும் பச்சை வந்தது. இந்த முறை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷின் பொய் சொல்லவில்லை, பாவம். சக்கரங்கள் நேராகத்தான் இருந்தன. பிறகு ஏன் கார் நேராகப் போகவில்லை என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. கேட்பது திட்டத்தில் வராது.

இப்போது கம்பெனியில் கார் வாங்கும் ஒவ்வொருத்தியும் என்னிடம் கேட்கிறாள், அந்த ஆயுள் திட்டம் போடலாமா என்று. வாடகைக் கார் ஓட்டி, தினமும் நம் ஊர்ப் பள்ளங்களில் விழுந்து எழுகிறவருக்குக் கணக்குக்குச் சரியாக வரலாம், மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அவர்கள் விற்பது அலைன்மென்ட் இல்லை. நாம் திரும்பத் திரும்ப அந்த ரெக்சின் சோபாவில் போய் உட்காரும் பழக்கத்தை விற்கிறார்கள். வேலை ஒரே தடவையில் சரியாகிவிட்டால் நாம் திரும்பிப் போகமாட்டோம். இது எனக்கே தெரிகிறது, அவர்களுக்குத் தெரியாதா?

அந்தச் சனிக்கிழமையே ஆம்பூருக்கு வந்து, காபி கொடுக்காத ஒரு கடையில் ஒரே மாதிரி இரண்டு டயர் வாங்கி முன்னால் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் அம்மா வீட்டுக்குக் கிளம்பும் நேரத்துக்கே மச்சாண்டார் மகனோடு வந்துவிட்டார். சர்ச் முடியும் வரைகூடப் பொறுக்கவில்லை. மகன் நேராகப் போய்க் காரின் மேல் கை வைத்தான்.

"வண்டி குடுக்கறதுக்கில்ல அண்ணா" என்றார் வீட்டுக்காரர். "முன்டயரு ரெண்டும் ஜோடி இல்லாம இருந்துச்சு, அதான் கோளாறு. ஜோடின்னு ஒண்ணு இருக்குல்ல? எடுத்து ஒண்ணா வச்சிப் பாத்தாதான தெரியும்." தானே மண்ணில் முட்டி போட்டுக் கண்டுபிடித்த மாதிரி அண்ணனுக்கு விளக்கினார். நான் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டேன்.

கார் நேராகப் போனது. மாதனூர் தாண்டினோம். தப்பு தன்னுடையது என்று அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதெல்லாம் அவருடைய பிளானில் வராது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். கைப்பிடியை விட்டிருந்தார். இரண்டு கையும் மடியில் கிடக்க, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏசியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஓட்டினேன்.