இந்திராணி கொண்டுவந்த கஞ்சி

சாகக் கிடந்த கணவனைப் போல முனகிக் காட்டி, ஊர்ப் பெண்களைச் சிரிக்க வைத்தவள் நான். அகப்பட்டுக்கொண்ட நேரத்தில் பழியைத் தூக்கி இந்திராணி மேல் போட்டேன். உங்களிடம்தான் முதன்முதலாக இதைச் சொல்கிறேன்.

மாசி பிறந்தால் புதூர்நாட்டில் எல்லார் வீட்டிலும் புளிதான். ஓடு தட்ட, நார் உரிக்க, கொட்டை எடுக்க என்று கூலிக்கு ஆள் தேடமாட்டோம். இன்று உன் வீடு, நாளை என் வீடு. வட்டமாக உட்காரும் பெண்களுக்கு ஒரு சட்டம் உண்டு: கை புளியை உரிக்கும்போது வாய் யாரையாவது உரித்தாக வேண்டும்! மாமியார், மலைக்கு ஜீப் ஓட்டுபவர், யாருக்கும் விலக்கில்லை. அங்கே பேசியது வாசலைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

என் கணவருக்கு வயிற்றில் கட்டி. வேலூரில் கையை விரித்துவிட்டார்கள். மூன்று மாதம் துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், அடுப்படியில் நின்று அழுதேன்... அடுத்த வீட்டு இந்திராணி தினமும் காலையில் சாமைக் கஞ்சி காய்ச்சி, வெல்லம் தட்டிப் போட்டுக் கொண்டுவருவாள். அது ஒன்றுதான் அவருக்கு இறங்கும். அவளேதான் ஒரு நாள், தன் வீட்டில் புளி உரித்தபோது, என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாக்கா, செத்த நேரம் வந்து குந்து. மாமா எங்கியும் ஓடிட மாட்டாரு!"

குந்தினேன். என் முறை வந்தது. யாரை உரிப்பேன்? எனக்குத் தெரிந்த உலகம் அப்போது ஒரே ஒரு கட்டில்... அவர் குரலிலேயே முனகினேன்.

"ஏம்மே... உயிரு போவுதுமே... போறதுக்குள்ள அந்தக் கோழிய அடச்சிட்டு வா! தலகாணிய நகத்து... அங்க இல்லமே, இங்க... ஐயோ, மொதல்ல இருந்த எடத்துலயே வையி!"

இந்திராணி புளிக் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு! அதுதான் என்னைக் கைப்பிடித்து மறுபடி அவர் கட்டிலுக்கு அன்போடு அனுப்பியது என்றால் நம்புவீர்களா? மறுநாளும் போனேன். இருமலையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் காற்றுக்கு ஏது வாசல்? என் குரல் அவர் கட்டில் வரை போயிருந்தது; அன்றிரவே கேட்டார்.

"ஏம்மே, என் கொரல்ல எவளோ கத்துனாளே... யாரு அது?"

கோபத்தில் கேட்டாரா, சிரிப்பில் கேட்டாரா? வற்றிப்போன அந்த முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. பயந்துபோனேன்.

"இந்திராணிதான்..."

"கையில கஞ்சி, வாயில நக்கலா? நல்லா இருக்குது போ."

மறுநாள் காலை கஞ்சியைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வாணாம்."

"இன்னா மாமா, சூடு ஜாஸ்தியா?"

ஒன்பது நாள் வந்தாள். ஒன்பது நாளும் திரும்பிக்கொண்டார். பத்தாம் நாள் அவர் இல்லை.

நான்தான் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாரோ? பாரஸ்ட் கார்டு மாதிரி நடந்து காட்டி ஊரையே உருள வைத்த மனுஷன் ஆயிற்றே! "இருமல் சரியா வரலமே" என்று திருத்தக்கூடச் செய்திருப்பார்... அந்தச் சிரிப்பை அவரிடமிருந்து பறித்தேன். வயிற்றுக்கு இறங்கிய ஒரே கஞ்சியையும் பறித்தேன்.

இந்த மாசியிலும் வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். துக்கக்காரி என்று எனக்காக யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. என்னையும் சேர்த்தே உரிக்கிறார்கள். அதில்தான் மூச்சு விடுகிறேன். நேற்று, கொட்டை எடுத்துக்கொண்டே இந்திராணி கேட்டாள்.

"யக்கா, கடைசில மாமா ஏன்க்கா என் கஞ்சிய வாணாம்னுட்டாரு?"

சொல்லிவிடு... இப்போதாவது சொல்லிவிடு!

"வாய்க் கசப்புடி," என்றேன்.

"அதான பாத்தேன்!" அவள் முகம் மலர்ந்தது. "வெல்லம் இன்னும் ரெண்டு துண்டு போட்டிருக்கணும். எம் புத்தி!" என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

வெல்லம்தான் போதவில்லை என்று நம்புகிறாள்... நான் நம்ப விட்டிருக்கிறேன்.