கொழும்பிலிருந்து திரும்பி வந்த என் பொத்தான்

போன செவ்வாய்க்கிழமை மாலை என் கோட்டுப் பொத்தான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது.

நான் அனுப்பவில்லை. அது தொலைந்து இருபத்தாறு நாளாகிறது. கழுத்திலிருந்து மூன்றாவது பொத்தான். கறுப்பு, நான்கு துளை, ஓரத்தில் நொய்யரிசி அளவுக்கு ஓர் உடைசல். துளையில் நீல நூல் — என் மனைவிக்கு விளக்கு வெளிச்சத்தில் கறுப்பும் நீலமும் ஒன்றுதான். அந்த நூலின் மிச்சம் அப்படியே இருந்தது.

எங்கே கிடைத்தது என்று சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

கண்டிக் கடைத்தெருவில் காசிம் நானாவின் கடை. துணி, நூல், பொத்தான், குடை... எல்லாம் உண்டு. அக்குறணைக்காரர். காலை பஸ்ஸில் வந்து, மாலை ஆறு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டியவர். கடையின் பின்பக்கம் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பிஸ்கட் தகரம். பதினொரு மாதமாக, மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, அந்தக் கதிரையில் நான். தகரத்திலுள்ள பொத்தான்களை ஐந்து அளவாகப் பிரித்து எண்ணுவது என் வேலை. கூலி — பாலில்லாத தேநீராக ஒரு கோப்பை சாயத்தண்ணி, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி.

இந்த வயதில் ஏன் இந்த வேலை? வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களிடமும் இதை மறைத்திருக்கிறேன். வெட்கம்தான். இப்போது சொல்லிவிடுகிறேன்.

பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். விடிந்தால், வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்களத்தில் தலை எண்ணுவேன். பகலில் நிரை எண்ணுவேன். மாலையில் கொழுந்துக் கூடை எண்ணுவேன். வயதாகிவிட்டது, வீட்டில் இரும் என்றார்கள். கண்டிக்கு வந்தேன். எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

மனம் சும்மா இருக்குமா? கூரை ஓடுகளை எண்ணியது. நெஞ்சு அடிப்பதை எண்ணியது. அது நின்றுவிடுமோ என்று பயந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணியது. மாலை ஐந்தானால் கை நடுங்கும், காரணமில்லாமல் கண் கலங்கும். தவறணைக்குப் போய் இரண்டு கிளாஸ் சாராயம் உள்ளே விட்டால் எண்ணிக்கை நிற்கும். இரண்டு நான்காயிற்று. பிறகு எத்தனை என்று எண்ண முடியாமல் போயிற்று — எனக்கே!

விடப் பார்க்கவில்லையா? பார்த்தேன். கோயிலில் சத்தியம் செய்தேன். பத்தொன்பது நாள் நின்றது. மதுவிலக்குக் கூட்டத்தில் கை தூக்கினேன். தூக்கிய கை நடுங்கியது. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்துச் சபையே கை தட்டியது. அது நான்கு நாள். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று ஒரு போத்தல் கசப்பு கொடுத்தார். உபதேசம் செய்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் மறுநாள் வந்து எட்டிப் பார்த்தவர்... பூஜ்யம்.

காசிம் நானா உபதேசம் செய்யவில்லை. தவறணைக்குப் போகிற வழியில் அவர் கடை. ஒருநாள் மறித்தார்.

"கணக்கப்பிள்ள, ஒரு ஒதவி. கொழும்புலேந்து வந்த பொத்தானெல்லாம் கலந்து கெடக்கு. எனக்குக் கண்ணும் இல்ல, பொறுமையும் இல்ல. அஞ்சு மணிக்கு வந்து எண்ணித் தாறீங்களா?"

"எத்தன நாளைக்கு?"

"பொத்தான் முடியிற வரைக்கும்."

முடியவேயில்லை. தினமும் புதிய ஸ்டாக். தினமும் புதிய எண்ணிக்கை. முதல் மாதம் என் கை நடுங்கிய நடுக்கத்தில் பாதிப் பொத்தான் தரையில்தான் கிடந்தது. நானா குனிந்து பொறுக்கித் தருவார்.

கண்டி மக்கள் நாகரிகத்தில் முன்னேறிவிட்டார்கள், பொத்தான் விற்பனையே அதற்குச் சாட்சி என்று இதே பத்தியில் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.

ஏனென்றால் செவ்வாய்க்கிழமை, புதிய ஸ்டாக்கின் நடுவில், என் பொத்தான்.

"நானா, இது எங்கருந்து வந்துச்சு?"

"கொழும்புலேந்து."

"கொழும்புல எங்க?"

"அது... புறக்கோட்ட."

"எம் பொஞ்சாதி எப்பங்க புறக்கோட்டைக்குப் போயி நீல நூல்ல தச்சா?"

நானா கூரையைப் பார்த்தார். அங்கே உதவிக்கு யாரும் இல்லை.

"கோவிக்க வாணாம், கணக்கப்பிள்ள. நீங்க போன பொறகு எல்லாத்தையும் கொட்டிக் கலக்கிருவேன். ஒரு புடி எடுப்பேன், இல்லாட்டி ஒரு புடி போடுவேன், தரையில கெடக்குறதயும் பொறுக்கிப் போட்டுருவேன். ஒரே எண்ணிக்க வந்தா நீங்க புடிச்சிருவீங்களே!"

முப்பத்தொரு வருஷம் தோட்டத்தையே எண்ணியவனுக்கு விளையாட்டுக் காட்டியிருக்கிறார்! கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். தெருவில் இறங்கினேன். கால் எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்கிறீர்களா? உங்களுக்கே தெரியும்.

கடையிலிருந்து தவறணைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. வாசலில் அந்த வாடை. கதவில் கை வைத்துவிட்டேன். முந்நூற்று முப்பத்துநான்கு நாள்... ஒரே தள்ளு, அவ்வளவுதான்.

"கணக்கப்பிள்ள!"

தெருவின் அந்தப் பக்கம் நானா. ஒரு காலில் செருப்பு இல்லை. தவறணைப் படிக்கு அவர் வர மாட்டார். அங்கே நின்றே கத்தினார். தெரு முழுக்கக் கேட்டது.

"போறதுன்னா போங்க, நான் தடுக்கல்ல! ஆனா எத்தனையில வுட்டீங்க? அத மட்டும் செல்லிட்டுப் போங்க!"

வாயைத் திறந்தேன். எண் வரவில்லை.

எழுநூற்று... பதினேழா? எழுபத்தொன்றா? நடு அளவை முடித்தேனா இல்லையா? வேர்த்துவிட்டது. என் ஆயுளில் ஓர் எண்ணிக்கையை நடுவில் விட்டு எழுந்ததில்லை. பிரட்டுக்களத்தில் மழை கொட்டியபோதுகூட!

உள்ளேயிருந்து யாரோ, "பெரியவரே, உள்ள வர்றீங்களா, இல்ல கதவுக்குக் காவலா?" என்றான்.

"இரப்பா, ஒரு கணக்கு வுட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். திரும்புகையில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு காலடிதான். ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறேன்.

ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். நானா எதிரே நின்றபடி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அப்போது வெளியே அக்குறணை பஸ்ஸின் ஹார்ன் கேட்டது.

"நானா, ஒங்க பஸ் போவுது."

"அது தெனமும் போற பஸ்தானே. நீங்க எண்ணுங்க."

சின்னப் பொத்தானை விரலிடுக்கில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்தப் பதினொரு மாதத்தில் ஓடுகளை, காலடிகளை, நாட்களை, கருப்பட்டித் துண்டுகளை எல்லாம் எண்ணியிருக்கிறேன். நானா தவறவிட்ட அந்த ஆறு மணி பஸ்ஸை எண்ணவேயில்லை.

"இன்னும் எத்தன நாளைக்குங்க இந்த நாடகம்?" என்றேன்.

"அதான் செல்லிட்டேனே. பொத்தான் முடியிற வரைக்கும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். அவள் கறிக்கு உப்பு பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இப்பத்தான் தெரிஞ்சிச்சாக்கும்? அந்தப் பிஸ்கட் தகரமே நம்ம வீட்டுதுங்க."

மூடியில் எங்கள் வீட்டுத் தகரத்தின் அதே நெளிவு! தினமும் திறந்திருக்கிறேனே...

குடியை விட்டவனைக் கண்டால், குணமாகிவிட்டீர் என்று கைகுலுக்கிவிட்டுப் போகாதீர்கள். நாளைக்கும் அவனுக்கு ஐந்து மணி வரும். அந்த நேரத்துக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கள். எண்ண ஏதாவது கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்போது எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை. தகரத்தில் தினமும் அதே ஆயிரத்து அறுநூற்று எண்பது. நேற்று மட்டும் ஒன்று குறைந்தது. நானா மேசைக்கடியில் தவழ்ந்து தேடினார், பாவம்.

நான் கோட்டின் மூன்றாவது பொத்தானைக் கையால் மறைத்துக்கொண்டு, சாயத்தண்ணி குடித்தேன்.