கயிறு மச்சினன் கையில்: தூத்துக்குடி யோகா முகாம்

மூன்று கீமோ முடிந்து இன்னும் மூன்று பாக்கி இருந்தபோது, நாலாவதுக்கு வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். எதைத் தின்றாலும் தகரத்தை நக்கியது போலிருந்தது. மனைவி அழுதாள். அவள் தம்பி செல்வம், எனக்காகவே ஆறுமுகநேரியிலிருந்து மதுரைக்கு வந்து தங்கியிருப்பவன், அழவில்லை. தூத்துக்குடியில் புற்றுநோயாளிகளுக்கு ஒருநாள் யோகா முகாம் என்று கேள்விப்பட்டு, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை என்னைப் பேருந்தில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டான். "தாராளமா போங்க. ஆனா யோகா சிகிச்சைக்குத் துணைதான், பதில் இல்ல" என்றார் டாக்டர்.

140 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். வழியெல்லாம் செல்வம் கோதுமைப்புல் சாறு, நெல்லிச்சாறு என்று பாட்டில் பாட்டிலாக நீட்டினான். டாக்டரைக் கேட்காமல் குடிக்கமாட்டேன் என்றேன். "வீணாப் போகக் கூடாதுல்லா அத்தான்" என்று எல்லாவற்றையும் அவனே குடித்தான். எட்டயபுரம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினான்.

பேருந்து நிலையத்திலிருந்து முகாம் நடக்கும் மண்டபத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஆட்டோக்காரரின் வைத்திய ஆலோசனை இலவசம்.

"அண்ணாச்சி, முள்சீத்தா இலைக் கசாயம் குடிங்க. எங்க சித்தப்பா விடாம குடிச்சாரு."

"இப்ப எப்படி இருக்கார்?"

"அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது."

முகாமில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பயிற்சி. என் பக்கத்தில் அந்தோணி அண்ணாச்சி, அந்தக் காலத்தில் இடுப்பில் கயிறு கட்டிக் கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர். "மூச்சை இழுத்து, வசதிப்படுற வரைக்கும் உள்ளே வைங்க" என்றார் டீச்சர். நாங்களெல்லாம் உடனே விட்டுவிட்டோம். அண்ணாச்சி விடவில்லை. "சார், விடலாம்" என்றார் டீச்சர். கண்ணை மூடி அப்படியே இருந்தார். டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. ஒருவர் தண்ணீருக்கு ஓடினார், செல்வம் 108-ஐ அழுத்தினான்.

பின்னால் கடலை கொறித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் மனைவி மேரி மட்டும் அசரவில்லை. "பதறாதீய டீச்சர். மேல இருந்து இழுத்தாத்தான் இவுக வருவாவ" என்று அவர் தோளில் கிடந்த துண்டை ஒரு இழுப்பு இழுத்தார். புஸ்ஸென்று மூச்சு வெளியே வந்தது. அதோடு டீச்சர் மூச்சை அடக்கும் பயிற்சியையே கைவிட்டார்.

டீ குடிக்கும்போது அண்ணாச்சியிடம், கடலுக்குள் இறங்கினால் கயிற்றை யார் பிடிப்பார்கள் என்று கேட்டேன்.

"மச்சினந்தான். வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டோம். அக்கா தாலி அவன் கையிலல்லா இருக்கு, கண்ணசர மாட்டான்."

திரும்பிப் பார்த்தேன். என் மச்சினன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று கீமோவுக்கும் ராப்பகலாகக் கூட இருந்தவன். அவன்மேல் அப்படியொரு பாசம் வந்தது. எழுப்பவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தளர்வான பருத்தி உடை போதும். நோய் குறைந்ததா என்றால், அதற்கு யோகா பொறுப்பில்லை. அன்று மத்தியானம் மீன்குழம்புச் சோறு கொஞ்சம் ருசித்தது, படுத்ததும் உறக்கம் வந்தது. எனக்கு அதுவே பெரிய காரியம்.

செவ்வாய்க்கிழமை நாலாவது கீமோ. காலையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். செல்வம் வந்து நின்றான். என் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான்.

எழுந்துவிட்டேன்.