பட்டி இறுகும் நேரம்

டார்லா விட்டெக் சும்மா உட்கார்ந்திருந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஹோல்பெக் ஊரில் இருபத்தேழு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். காலை நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவாள். பேருந்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் ஒரு உதை உதைப்பாள். அப்புறம்தான் சாவியைப் போடுவாள். நெப்ராஸ்காவில் பனி கொட்டும் ஜனவரியிலும் இந்தச் சடங்கு மாறியதில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இவளுடையது பிரேக் மிதித்த கால்.

போன மார்ச்சில், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாடு நடந்தது. ஊரே தட்டோடு வரிசையில் நின்றது. முட்டைக்கோஸ் சாலட் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்த டார்லா, நடந்த நடையிலேயே சரிந்தாள். கை கால் இழுத்தது. இரண்டு மூன்று நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தவள் கேட்ட முதல் கேள்வி, "கிண்ணம் உடைஞ்சுதா?" என்பதுதான்.

மண்டையைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், காரணம் மட்டும் கிடைக்கவில்லை. மருத்துவர் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் எந்த வண்டியையும் தொடக் கூடாது. அதற்குள் மறுபடி வராவிட்டால் செப்டம்பர் பதினாலாம் தேதி கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பேருந்தை எடுத்துக்கொள்ளலாம். மறுபடி வந்தால் பேருந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பெயர் நோரின், எதிர்வீடு. வீடு வீடாகத் தபால் போட்டு ஓய்வு பெற்றவள். பெரிய வண்டி ஓட்டும் உரிமம் வைத்திருந்த பாவத்துக்கு அவளுடைய பேருந்து என் தலையில் விழுந்தது. முப்பத்தொரு பிள்ளைகள். எனக்குப் பிள்ளைகளைப் பிடிக்கும், காலை பத்து மணிக்கு மேல் என்றால். என் வீட்டு நாட்காட்டியிலும் செப்டம்பர் பதினாலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தேன்.

முதல் மாதம் அவள் பண்ணின அலம்பல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாளைக்கு மூன்று தடவை தபால் நிலையத்துக்கு நடந்தாள். என்னைக் கேட்காமலே என் கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் அடைத்திருந்த சருகையெல்லாம் வாரிப் போட்டாள். சாப்பாடு நின்றுகொண்டே. அவள் கணவர் எமில் தானியக் கிடங்கில் வேலை பார்க்கிற சாதுவான மனிதர். அவர் கார் ஓட்ட, இவள் பக்கத்தில் உட்கார, நான் பின்னால் உட்கார்ந்து அந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன்.

"அங்க நிறுத்தச் சொல்லி போர்டு இருக்கு, எமில்."

"முப்பது வருஷமா அங்கதான் இருக்கு."

"அப்ப ஏன் இன்னும் பிரேக்ல கால் வைக்கல?"

"அதான் நீ வச்சிருக்கியே. உன் பக்கத்துல காரோட தரையே ஓட்டையாகப் போகுது."

ஏப்ரலில் ஒரு பண்ணையில் ஏலம். காற்று வாங்கட்டும் என்று நான்தான் அவளைக் கூட்டிப்போனேன், எனக்கு நன்றாக வேண்டும். முசுக்கட்டை மரத்தடியில் இருபது வருஷமாகக் கிடந்த ஐம்பத்து நாலாம் வருஷத்துச் செவ்ரோலே பிக்கப் ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஓட்டுகிறவர் உட்காரும் கேபினுக்குள், மரநாய் மாதிரி இருக்கும் ரக்கூன் குடும்பம் ஒன்று குடியிருந்தது. டார்லா கையைத் தூக்கினாள். நான் இழுத்துக் கீழே விட்டேன். அவள் இன்னொரு கையைத் தூக்கினாள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எமில் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ரக்கூனையும் சேர்த்துத்தான் குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவளுக்கு வெல்டிங் கைவந்த வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் டிரெய்லர் கட்டும் பட்டறையில் இருந்தவள். கிடங்கு ஆட்கள் ஆறு பேர் வந்து கேபினை மட்டும் கழற்றித் தூக்கி, சக்கரம் வைத்த மரச்சட்டத்தின் மேல் கராஜுக்குள் உட்கார வைத்தார்கள். அவர்களுக்குப் பாப்பி விதை வைத்த கொலாச்சே பன்னும் பியரும் கிடைத்தது. எமிலின் கார் அன்றிலிருந்து வெயிலில் நின்றது. அவர் போட்ட ஒரே நிபந்தனை, வேலை நடக்கும்போது கராஜ் கதவு திறந்தே இருக்க வேண்டும், போகிற வருகிற நாங்கள் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது.

கேபினின் பின்மூலைகள் இரண்டும் செல்லரித்த பலகை மாதிரி கை வைத்தால் உதிர்ந்தன. உடனே வெட்டி எறிவாள் என்று நினைத்தேன். இல்லை. முதலில் கதவு வருகிற வாசல்களின் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்தாள்.

"இது எதுக்கு? அழுகினது அங்கல்ல இருக்கு?"

"முட்டுக் குடுக்காம மூலையை வெட்டினா மொத்த கேபினும் உக்காந்துடும்டி. அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சேராது."

மற்ற எல்லாவற்றிலும் அவசரக் குடுக்கையாக இருந்தவள் இதில் மட்டும் அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்ந்தாள். மே, ஜூன் முழுக்கத் தகரம் வெட்டினாள், வைத்துப் பார்த்தாள், பற்றவைத்தாள், கிரைண்டரால் சீவினாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவு ஜூலையில் டக்கென்று ஒரே சத்தத்தோடு சேர்ந்தது. அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால், அந்தக் கேபின் வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் ஏறி, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து ஊருக்குள் ஒரு சுற்று வராமல் விடமாட்டாள் என்று தெரிந்தது. செப்டம்பர் பதினாலு, பேருந்து, அதற்கப்புறம் இந்தப் பிக்கப். அவள் கணக்கு அதுதான்.

மறுபக்கத்துக் கதவையும் மாட்டி, இடைவெளி சரியா என்று பார்க்க என்னை உள்ளே உட்கார வைத்துச் சாத்தினாள். இறங்கலாம் என்று தடவினால் உள்ளே கைப்பிடியே இல்லை. கண்ணாடியும் பாதியில் சிக்கி நின்றது.

"ஏய், இதை எப்படித் திறக்குறது?"

"திறக்க முடியாது. நான் சுத்தி வந்து திறந்து விட்டாத்தான் இறங்கலாம்."

"ஒரு கைப்பிடி போட்டுத் தொலையேன்."

"போடலாம், போடலாம். அந்தப் பக்கம் நானா உக்காரப்போறேன்? ஓட்டுறவ நான். எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு." வேண்டுமென்றே ஐஸ் டீயை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்து திறந்துவிட்டாள்.

செப்டம்பர் நாலாம் தேதி. பத்து நாள் பாக்கி. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்தேன். கராஜ் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன் கடிகாரத்தைக் கழட்டி கையில வச்சுக்கோ. நான் சொன்னதும் மணி பாரு. வாயைத் திறக்காத."

பலகையில் ஒரு கரண்டி பட்டியை எடுத்து வைத்தாள். வெல்டிங் போட்ட இடத்துப் பள்ளத்தை நிரப்புகிற அந்தச் சாம்பல் நிறக் களி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன்மேல், அதை இறுக வைக்கிற சிவப்பு ஹார்டனரை ஒரு கோடு இழுத்துக் கலக்கினாள். வெளிர் ரோஜா நிறத்துக்கு வந்தது. "இப்ப பாரு," என்றாள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று, வெண்ணெய் மாதிரிதான் இருந்தது. எட்டாவது நிமிஷம் பாலாடைக் கட்டி. பன்னிரண்டில் நகம் பதிந்தது. அவள் ஸ்டூலில் உட்காராமல் கேபினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாய்க்கு வேலையில்லை நிற்க நேரமில்லை என்று கிண்டல் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. கத்தியால் தட்டினால் கல் மாதிரிச் சத்தம் வந்தபோது இருபது நிமிஷம் தாண்டியிருந்தது. அதைச் சொன்னதும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் அலமாரித் தட்டில் இன்னொரு பலகையைப் பார்த்தேன். அதிலும் ஒரு கட்டி பட்டி, அதே வெளிர் நிறம். நடுவில் கத்தி செங்குத்தாகச் சிக்கிக்கொண்டு நின்றது.

"இது என்னடி?"

"நேத்து கலக்கினது." அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஸ்டூல்ல உக்காந்து, பலகையை மடியில வச்சுக் கலக்கினேன். கலக்கி முடிச்சு கத்தியை எடுக்கப் போறேன், வரல. கல்லாட்டம் இருக்கு. இப்பத்தான் ஊத்தின டீயில ஒரு ஐஸ் கட்டி கூட இல்ல. நான் விழல, நோரின். அப்படியேதான் உக்காந்திருந்தேன். ஆனா நான் அங்க இல்ல."

நல்ல சிநேகிதி என்றால் அந்த நிமிஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் நாட்காட்டியில் போட்ட வட்டத்தை நினைத்தேன். "வெயில்டி," என்றேன். "இந்தச் சூட்டுல சீக்கிரம் இறுகியிருக்கும்."

"இன்னிக்கும் அதே சூடுதான். அதுக்குத்தான் உன்னை மணி பார்க்கச் சொன்னேன்."

"ஹார்டனர் கூடிப்போயிருக்கும்."

"கூடினா செவந்திருக்கும். இது வெளுப்பாத்தான் இருக்கு."

"கண் அசந்திருப்ப."

"நானா? பகல்லயா?"

அப்புறம் நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "கதவு திறந்துதானே இருந்தது? யாரும் பார்க்கலையே? மீன் சாப்பாட்டுல விழுந்ததை ஊரே பார்த்துச்சு. இதை யாரும் பார்க்கல. இன்னும் பத்தே நாள்தான் டார்லா."

அவள் அந்தப் பலகையைக் கையில் எடுத்தாள். கத்தியை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இருபது நிமிஷம்," என்றாள். "ஸ்வோபோடா வீட்டு இரட்டைங்களை ஆறு நாப்பதுக்கு ஏத்துவேன். அதுக்கப்புறம் பாலம். அப்புறம் அந்த மூக்குக் கண்ணாடிப் பொண்ணு. அப்புறம் ரயில்வே கேட். அப்புறம் நெடுஞ்சாலை. ஏழு மணிக்குள்ள பதினாலு பேர் ஏறியிருப்பாங்க, நோரின். பதினாலு பேர் பின்னால உக்காந்திருக்க, முன்னால நான் இல்ல."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. உள்ளே போய்க் கிடங்குக்குப் போன் போட்டாள். பத்து நிமிஷத்தில் எமில் வந்துவிட்டார். வாழ்நாளில் அவர் வேகமாகக் கார் ஓட்டியது அன்றைக்கு மட்டும்தான். ஒன்றும் கேட்காமல் மருத்துவமனைக்குத் திருப்பினார். நானும் ஏறிக்கொண்டேன். பலகை அவள் மடியிலேயே இருந்தது. அன்றைக்கு அவள் கால் பிரேக்கைத் தேடவில்லை.

மருத்துவர் அம்மா கத்தி நட்ட பலகையைப் பார்த்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என்ன?"

"பட்டி," என்றாள் டார்லா. "நான் இல்லாத நேரத்துல இறுகினது."

நோய்க்கு இப்போது வலிப்பு என்று பெயர் வைத்தார்கள்; விழாமல் உட்கார்ந்தபடியே நினைவு தப்புவதும் அதில் சேர்த்தியாம். காலையிலும் இரவிலும் மாத்திரை. பேருந்து இனி இல்லை. கார் எப்போதாவது, வருஷக்கணக்கில் ஒன்றும் வராமல் இருந்தால் பார்க்கலாம். வெல்டிங்கும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கையெழுத்துப் போடும் காகிதத்தை மருத்துவர் அம்மா மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

முதலில் சொன்னேனே, அந்த ஒரு தடவை அதற்கப்புறம்தான் வந்தது, மூன்று நாள். டார்லா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை மடியில். கால் தரையில். கராஜ் கதவு பூட்டியிருந்தது. நான் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தேன். தபால் நிலையக் கதை சொன்னேன், பிள்ளைகள் கதை சொன்னேன், ஸ்வோபோடா இரட்டையரில் ஒருவன் பேருந்துக்குள் தவளை விட்டதைச் சொன்னேன். "ம்" என்றாள். இவள் ஆட்டம் போடும்போது எத்தனை தடவை சலித்துக்கொண்டிருப்பேன், ஒரு நிமிஷம் சும்மா இரேன்டி என்று. இப்போது சும்மா இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

"கேபினை வித்துடலாமான்னு கேட்டேன்," என்றார் எமில், வாசலில் மெல்லிய குரலில். "பதிலே சொல்லல."

நாலாம் நாள் காலை பேருந்தை நிறுத்திவிட்டு வரும்போது கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே இரும்பில் சுத்தியல் தட்டும் சத்தம். ஓடினேன். மரச்சட்டத்தின் மேல் கேபின் அப்படியே இருந்தது. அவள் மாட்டியதோடு அப்படியே விட்டிருந்த அந்த மறுபக்கத்துக் கதவு மட்டும் கழன்று இரண்டு முக்காலிகளின் மேல் மல்லாந்து கிடந்தது. உள்தகட்டைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். எமில் ஸ்டூலில் உட்கார்ந்து திருகாணிகளை ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து இதேதான்," என்றார். "அந்த அம்மா வெல்டிங்கைத்தானே வேண்டாம்னாங்க, ஸ்பானரை வேண்டாம்னு சொல்லலையாம்."

"இவ்வளவு நாளா இந்தக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கலையே," என்றேன்.

அவள் கம்பி ஒன்றைக் கொக்கியில் மாட்டினாள். பிறகு மூன்று பேருமாகக் கதவைத் தூக்கிக் கீலில் பொருத்தினோம். அவள் துணியில் கையைத் துடைத்துவிட்டு ஏறி அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓட்டுநர் இடம் காலியாக இருந்தது. கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். டக்கென்று ஒரே சத்தம்.

பழக்கதோஷத்தில் நான் திறந்துவிடப் போனேன்.

"கிட்ட வராத," என்றாள் உள்ளிருந்து. "இனிமே இங்கதான் உக்காரப்போறேன். எவராவது சுத்தி வந்து திறந்து விடட்டும்னு காத்துக்கிட்டிருக்க என்னால முடியாது."

உள்ளே புதுக் கைப்பிடி திரும்பிற்று. கதவு திறந்தது. அவள் தானாக இறங்கினாள். மறுபடி ஏறிச் சாத்தினாள். மறுபடி இறங்கினாள்.