ஆர்லிஸ் கிராப்ட்ரீயின் மணிக்கட்டு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் ஹேசல் கிரீக் ஊரில் யாரையாவது பிடிக்க வேண்டுமென்றால் மர்னாவின் சாப்பாட்டுக் கடைக்குத்தான் போக வேண்டும். துப்பாக்கிச் சங்கத்து ஆட்கள் மைதானத்தில் சுட்டு முடித்துவிட்டு, கையில் வெடிமருந்து வாடையோடு அங்கே வந்து உட்காருவார்கள். பன் மாதிரி மெத்தென்றிருக்கும் சூடான பிஸ்கட்டைப் பிட்டுப் போட்டு, அதன் தலையில் மிளகு போட்ட வெள்ளைக் குழம்பை ஊற்றிக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். பேச்சு மழையில் தொடங்கும், மாட்டு விலைக்குப் போகும், கடைசியில் யாருடைய கைத்துப்பாக்கி சுடும்போது நடுவில் சிக்காது என்பதில் வந்து நிற்கும்.

அந்த மேஜையில் உண்மைக்கு எப்போதுமே கொஞ்சம் பஞ்சம்தான். தீவனக் கடை டெல்பர்ட், தன் துப்பாக்கி ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை என்று ஆறு வருடமாக அடித்துச் சொல்லி வருகிறார். இதுவரை எவ்வளவு சுட்டிருப்பீர்கள் என்று யாராவது கேட்டால் இரண்டு பெட்டி என்பார். ஆறு வருடத்தில் இரண்டு பெட்டி! அலமாரியில் படுத்துத் தூங்குகிற துப்பாக்கி எங்கிருந்து சிக்கும்? இன்னொருவர் தன்னுடையது நாலு தடவை சிக்கியதாக ஒப்புக்கொள்வார், ஆனால் நாலு தடவையும் மலிவுத் தோட்டாவின் தப்பு, அதனால் சேர்த்தி இல்லை என்பார். சொந்தத் துப்பாக்கியைப் பற்றிக் குறை சொல்வது இந்த ஊரில் சொந்த மாமியாரைப் பற்றிக் குறை சொல்வதைவிடக் கஷ்டமான காரியம்.

இவர்களுக்கு நடுவே, சொன்ன பேச்சுக்கு ஆதாரம் வைத்திருந்தவர் ஆர்லிஸ் கிராப்ட்ரீ ஒருவர்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், வயது அறுபத்தொன்று. மூக்கு நீளம், பேச்சு குட்டை. முப்பத்திரண்டு வருடமாக அவரிடம் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி, முழுக்க இரும்பாலான பழைய நாற்பத்தைந்து காலிபர். வாரம் தவறாமல் அதில் ஐம்பது தோட்டா சுடுவார். அது சிக்கி யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்த மேஜையில் தீர்ப்புச் சொல்கிற உரிமை தானாகவே அவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

அவர் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். "துப்பாக்கி மேல பழி போடாதே. மணிக்கட்டைப் பாரு."

அதில் விஷயம் இல்லாமலும் இல்லை. இந்த ரகத் துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் அதன் மேல்பாகம் விருட்டென்று பின்னால் ஓடி, காலித் தோட்டாவை வெளியே எறிந்துவிட்டு, அடுத்ததை உள்ளே தள்ளும். சுடுகிறவர் மணிக்கட்டு தளர்ந்திருந்தால் துப்பாக்கி மொத்தமும் கையோடு சேர்ந்து பின்னால் போய்விடும். மேல்பாகம் முழு தூரமும் ஓடாது. வெளியே போக வேண்டிய காலித் தோட்டா பாதி வழியில் மாட்டிக்கொண்டு நட்டுக்குத்தலாக நிற்கும். அடுப்பின் புகைபோக்கி மாதிரி நிற்பதால் ஊரில் அதற்கு அடுப்புக்குழாய் என்று பெயர். அடுப்புக்குழாய் நின்றது என்று யார் வாயைத் திறந்தாலும் ஆர்லிஸ் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். அந்தப் பார்வையில் நொந்துபோனவர்கள் பலர். குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற ரொவீனாவும் அதில் ஒருத்தி.

இந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஆர்லிஸின் துப்பாக்கியில் அடுப்புக்குழாய் நின்றது.

பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவர் சட்டென்று அதைத் தட்டிவிட்டுத் தொடர்ந்து சுட்டார். பத்துத் தோட்டா தள்ளி மறுபடியும் நின்றது. அப்போது அவர் நினைத்தது துப்பாக்கியை அல்ல, தன் அப்பாவை.

அப்பா ஹோபர்ட் தச்சுவேலை செய்தவர். அவருக்கு முதலில் நடுக்கமெல்லாம் வரவில்லை. ஒருநாள் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது சுத்தியல் வலது கையிலிருந்து நழுவியது, அவ்வளவுதான். பிறகு அடிக்கடி நழுவியது. மணிக்கட்டில் பிடி போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நடுக்குவாதம் என்று டாக்டர் பெயர் வைப்பதற்கு ஒரு வருடம் ஆயிற்று. கடைசி நாலு வருடம் ஆர்லிஸ்தான் அவருக்குக் கரண்டியால் ஊட்டினார். சுத்தியல் நழுவிய அன்று ஹோபர்ட்டுக்கு அறுபத்தொரு வயது.

ஆர்லிஸ் யாரிடமும் மூச்சு விடவில்லை. தானே விசாரணையை ஆரம்பித்தார். மூன்று விதத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பார்த்தார், மூன்றிலும் சிக்கியது. தோட்டா அடுக்கும் மேகசின்கள் மூன்றிலும் மனைவியின் நகச் சாயத்தால் எண் போட்டு, ஏதாவது ஒன்று மட்டும் குற்றவாளியா என்று பார்த்தார், மூன்றும் பாரபட்சமில்லாமல் சிக்கின. எண்ணெயை மாற்றினார். பிள்ளைகள் வகுப்புக்குப் போனபின் காலிப் பேருந்தில் உட்கார்ந்து ஒரு டென்னிஸ் பந்தை நூறு தடவை, இருநூறு தடவை அமுக்கினார். தோட்டா, மேகசின், எண்ணெய் எல்லாம் விடுதலையானபின் பாக்கி இருந்தது கை. துப்பாக்கியைச் சந்தேகப்பட அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. சொந்த உடம்பின் மேல் சந்தேகம் வந்ததே தவிர, முப்பத்திரண்டு வருடத்து இரும்பின் மேல் வரவில்லை. இந்த ஊர் ஆம்பளைகளின் புத்தி அப்படி.

சனிக்கிழமைகளில் முதுகுவலி என்று சொல்லிச் சுடுவதை நிறுத்திக்கொண்டார். மர்னா கடைக்கு மட்டும் வந்தார். துப்பாக்கி எப்படி இருக்கிறது என்று டெல்பர்ட் கேட்டபோது, எப்பவும் போலத்தான் என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்த மேஜையில் அவர் சொன்ன முதல் பொய் அது. ஆகஸ்டில் ஓட்டுநர்களுக்கு மருத்துவப் பரிசோதனை இருந்தது. கை போனால் பேருந்து போகும். அதுகூடப் பரவாயில்லை, கடைசியில் மனைவி நடீன்தான் தனக்கு ஊட்ட வேண்டியிருக்கும் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை மதியம் மைதானத்தில் ஈ காக்கா இருக்காது. காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் இடையில் அங்கே தனியாகப் போய்ச் சுட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். மே மாதத்து இரண்டாவது புதனும் அப்படித்தான் போனார். நாலாவது தோட்டாவில் அடுப்புக்குழாய் நின்றது. அதைத் தட்டிவிட்டுத் திரும்பினால், புல்வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டு ரொவீனா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சங்கத்து மைதானத்துக்குப் புல் வெட்டுவது அந்த மாதம் அவள் முறை.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டாள்.

"ஆறு வாரம்."

மிச்சத்தையும் அவரே சொல்லிவிட்டார். மணிக்கட்டுதான், வேறு எதுவும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது என்றார். பிறகு துப்பாக்கியைப் பலகையில் வைத்துவிட்டு, "அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார்.

ஹோபர்ட்டின் கடைசி நாட்கள் ஊருக்கே தெரியும். ரொவீனா ஆறுதல் சொல்கிற ஜாதி இல்லை. காதுக்கு அடைப்பை மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். "கொடு இங்க."

ஆர்லிஸுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இத்தனை நாளும் யாரிடமும் கொடுத்துச் சுடச் சொல்லாததற்குக் காரணமே அதுதான். அவள் கையில் அது ஒழுங்காகச் சுட்டுவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் டாக்டர் எதற்கு? ஆனால் அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. ஒன்றாம் நம்பர் மேகசினைப் போட்டு அவளிடம் கொடுத்தார்.

ரொவீனா சுட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. காலித் தோட்டாக்கள் அழகாகப் பறந்து புல்லில் விழுந்தன. நாலு, ஐந்து. ஆர்லிஸ் எண்ணுவதை நிறுத்திவிட்டு, இலக்குகளுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைப் பார்த்தார். ஆறு, ஏழு. துப்பாக்கி காலியாகித் திறந்தபடி நின்றது. ஒரு சிக்கல் இல்லை.

ஆர்லிஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ரொவீனாவுக்கு முகம் வெளிறிப்போயிற்று. நல்லது செய்யப் போய் இந்த மனிதனின் தலையில் கல்லைப் போட்டோமே என்று அவளுக்கு இருந்தது.

"ரெண்டாம் நம்பர் எங்கே?"

"போதும் ரொவீனா."

"போதுமான்னு நான் கேக்கலை. எங்கேன்னு கேட்டேன்."

அவர் எடுத்துக் கொடுத்தார். முதல் இரண்டும் சரியாகப் போயின. மூன்றாவது வெடியில் துப்பாக்கி பாதியில் நின்றது. அதன் மேல் பித்தளைக் குழல் ஒன்று நட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது. ரொவீனா அதைத் தட்டிவிட்டுச் சுட்டாள். ஐந்தாவது காலித் தோட்டா பக்கவாட்டில் போகாமல் நேராக வந்து அவள் நெற்றியில் அடித்தது. ஆறாவது மறுபடி அடுப்புக்குழாய்.

அவள் துப்பாக்கியை மண்மேட்டுப் பக்கமே பார்க்கும்படி பலகையில் வைத்தாள். நெற்றியில் சூடு பட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பினாள்.

"காலையில ஆறு குதிரைக்கு லாடம் அடிச்சுட்டு வந்திருக்கேன். ஒவ்வொண்ணும் அரை டன். என் மணிக்கட்டு சரியில்லைன்னு சொல்லுவியா ஆர்லிஸ்?"

ஆர்லிஸுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. முப்பத்திரண்டு வருடம் சிக்காமல் சுட்டபோதெல்லாம் வராத சந்தோஷம், அது வேறொருத்தி கையில் சிக்கியபோது வந்தது.

ரொவீனா விடவில்லை. தன் துப்பாக்கியை அவர் கையில் திணித்தாள். பிளாஸ்டிக் உடம்பு, எடை குறைவு, மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆர்லிஸ் அதில் பதினைந்து சுட்டார். இன்னொரு பதினைந்து சுட்டார். முப்பதும் தடையில்லாமல் போயின. கடைசி ஐந்தும் ஒரே இடத்தில் ஓட்டை போட்டன.

பிறகு அவள் பழைய நாற்பத்தைந்தைக் காலி செய்து, பிரித்து, உள்ளிருந்து விரல் நீளத்தில் ஒரு மெல்லிய எஃகுத் துண்டை உருவினாள். காலித் தோட்டாவைக் கவ்விப் பிடித்து வெளியே இழுக்கிற கொக்கி அது. அதைத் திரும்ப வைத்து, அதற்கடியில் ஒரு காலித் தோட்டாவைச் செருகி லேசாக ஆட்டினாள். பிடி இல்லாமல் தோட்டா கீழே விழுந்தது.

"இதை எப்போ கடைசியா கழட்டிப் பாத்தே?"

"சிக்காத துப்பாக்கியை எதுக்குக் கழட்டணும்?"

"நல்லா சொன்னே போ. இதைக் கொஞ்சம் வளைச்சு விட்டா போதும், பழையபடி கவ்வும். தளர்ந்தது இதுதான். நீ இல்லை."

ஆர்லிஸ் அந்தத் துண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அப்போதுதான் ரொவீனா இன்னொன்றும் சொன்னாள். ஐந்து வருடத்துக்கு முன் மர்னா கடையில் எல்லோருக்கும் முன்னால் அவர் அவள் கையைப் பார்த்தாரே, அன்று அவள் துப்பாக்கி சிக்கியதற்கும் மணிக்கட்டு காரணம் இல்லை. மேகசினின் வாய் நெளிந்திருந்தது. வீட்டுக்குப் போனதும் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன் சொல்லலை?"

"நீ எங்கே கேட்டே? தீர்ப்பை மட்டும்தானே சொன்னே."

அவர் மன்னிப்புக் கேட்டார். சுற்றி வளைக்காமல், என் தப்பு என்று கேட்டார். சனிக்கிழமை மேஜையிலும் இதைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவர் துப்பாக்கி ஆறு வாரமாகச் சிக்குகிறது என்பதையும் சேர்த்தா என்று அவள் கேட்டாள். டெல்பர்ட்டுக்குக் காது கேட்கிற மாதிரி சத்தமாகவே சொல்வேன் என்றார்.

அன்று மாலைச் சவாரியில் பின்சீட்டுப் பிள்ளைகள் போட்ட கூச்சல் அவருக்கு உறைக்கவே இல்லை. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். நடீன் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். அடுப்புக்குழாய், நகச் சாயம், டென்னிஸ் பந்து, ரொவீனாவின் நெற்றி, கொக்கி எல்லாம் வரிசை தப்பி வந்தன.

நடீன் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ துப்பாக்கியா?"

"துப்பாக்கிதான்."

அவள் நாற்காலியைப் பின்னால் தேடி உட்கார்ந்தாள்.

"ஆறு வாரமா நீ காபி கப்பை இடது கையில பிடிக்கிறே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயந்துதான் கேக்கலை."

இடது கையில் குடித்தது ஆர்லிஸுக்கே தெரியாது. வலது கையை நம்பாமல் அது தானாக மாறியிருக்கிறது. நடீன் அவருக்குத் தெரியாமல் ஜூன் மூன்றாம் தேதிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாள். அதையும் இப்போது சொன்னாள். ரத்து பண்ணிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், போய்விட்டே வருவோம், ஆகஸ்டுக்கு முன்னால் டாக்டர் வாயாலும் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்றார் ஆர்லிஸ். காலையில் அவள் இதையே சொல்லியிருந்தால் அவர் வீட்டை விட்டே வெளியே போயிருப்பார்.

நடீன் ஈரக் கையோடு அவர் வலது கையைப் பிடித்தாள்.

"அமுக்கு."

"எதுக்கு?"

"அமுக்குன்னா அமுக்கு."

அவர் அமுக்கினார். அவள் கண் கலங்கிவிட்டது.

"வலிக்குது மனுஷா" என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.