சுழல்காற்று எஸ்தர் மேடம்

பெருங்களத்தூரில் பேருந்துக்காக நின்றிருந்தபோது சாமுவேல் சாரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஜோதி, எஸ்தர் போயிட்டாம்மா. தூக்கத்துலயே." நான் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்மணி தண்ணீர் பாட்டிலை நீட்டி, யாருக்கு என்ன என்று விசாரித்தார்.

"எங்க மேடம். தாம்பரத்துல சுழல்காற்றுன்னு வேக்குவம் கிளீனர் கடை வெச்சிருந்தாங்க..."

"ஐயோ, அவங்களா! எங்க வீட்டு சோபால ரவையைக் கொட்டி என் மாமியாரை அலற வெச்சாங்களே!"

அவரேதான். சேலையூரில் எங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் அப்படித்தான் வந்தார். நான் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த காலம். "இப்பதான் பெருக்கினேன் மேடம், தூசியே இல்ல" என்று வாசலிலேயே சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், கொண்டுவந்த மெஷினின் குழாயில் ஒரு வெள்ளைத் துணியை மாட்டி, மெத்தையின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். துணி கருகருவென்று ஆகிவிட்டது. நான் வீறிட்டேன். என்னைவிடச் சத்தமாக அவர் "பாத்தீங்களா!" என்று கூவினார், ஏதோ அன்றுதான் முதல்முறை பார்ப்பவரைப் போல. நடிப்பு என்று நினைத்தேன். பிறகு அவரோடு எத்தனையோ வீடுகள் ஏறி இறங்கியபோதுதான் புரிந்தது, அந்தச் சந்தோஷம் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதிதாகவே வந்தது.

நான் மெஷின் வாங்கவில்லை. "உங்ககிட்ட வேலை கிடைக்குமா மேடம்?" என்று கேட்டேன். "நாளைக்கே வாங்க" என்றார்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு அருகில் சின்னக் கடை. அவர் விற்பார், கணவர் சாமுவேல் சார் பழுது பார்ப்பார். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு சீலிங் ஃபேன் கேட்டுப் பலர் வருவார்கள். மேடம் யாரையும் சும்மா திருப்பி அனுப்பியதில்லை. "ஃபேன் காத்தைத் தள்ளும். இது இழுக்கும். உள்ள வாங்க, காட்டுறேன்!"

குரோம்பேட்டை, மேடவாக்கம், காட்டாங்குளத்தூர் என்று கிளைகள் திறந்தன. கடைத் திறப்பென்றால் எல்லோரும் பூசணிக்காய் உடைப்பார்கள். எஸ்தர் மேடம் அதைக் குழாய் முனையில் கவ்வ வைத்து, நடைபாதையில் நின்று தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கை தட்டுவார்கள். நாங்கள் சீருடையில் வரிசையாக நின்று, எங்கே விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

பெருவெள்ளம் வந்தபோது அனகாபுத்தூரில் ஆற்றோரத் தெருக்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, ஈரத்தையும் இழுக்கும் பெரிய மெஷின்களையெல்லாம் எல்லாக் கிளைகளிலிருந்தும் வேனில் ஏற்றச் சொன்னார் மேடம்.

"எஸ்தர், அதெல்லாம் விக்கிறதுக்கு வெச்ச புதுச் சரக்கு. சேத்துல இறக்கினா யார் வாங்குவா? கடையே போயிடும்" என்று சார் தடுத்தார்.

"சேத்துக்கு ஆகாத மெஷினை இத்தனை நாள் எந்த முகத்தோட வித்தோம்?" என்றார் மேடம். சார் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் பேசி, தாமே வேனில் ஏறிக்கொண்டார்.

முதல் வீடு ஒரு நெசவாளர் குடும்பத்தினுடையது. தறிக்குழி நிறையச் சேற்றுத் தண்ணீர். அந்த வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்து எங்களைப் பார்த்தார். "இன்னாமா இது, யானைக்குட்டி கணக்கா கீது?"

"யானைதான்க்கா. தண்ணி குடிக்க வந்திருக்கு!" என்றார் மேடம்.

மெஷின் உறுமியது. குழித் தண்ணீர் இறங்க இறங்கத் தெருவே கூடிக் கூச்சலிட்டது. தரை தெரிந்ததும் அந்த அக்கா முழங்கால் சேற்றோடு மேடத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். மாலைக்குள் எங்கள் குரல்களெல்லாம் கம்மிவிட்டன. வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மெஷின்கள் பல கெட்டுப்போனது உண்மை. ஆனால் அதன்பின் எங்கள் கடைகளில் நிற்க இடமில்லாமல் கூட்டம் வந்ததும் உண்மைதான்.

பிறகு காலம் மாறியது. வாடிக்கையாளர்கள் கடைக்கு வருவார்கள், ஆர்வமாகக் கேட்பார்கள், மேடம் காட்டும் வித்தையெல்லாம் பார்ப்பார்கள். வாசலில் இறங்கியதும் போனிலேயே ஆன்லைனில் ஆர்டர் போடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "விடு ஜோதி. எங்க வாங்கினா என்ன, வீடு சுத்தமாகுதுல்ல" என்பார். ஆனால் மேடவாக்கம் கிளையைப் பூட்டிய அன்று திரும்பும் வழியெல்லாம் அந்தச் சாவியையே கையில் வைத்துப் புரட்டிக்கொண்டு வந்தார். மற்றக் கிளைகளும் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் ஒவ்வொருவருக்கும் வேறிடத்தில் வேலை பேசி முடித்த பிறகே தாம்பரம் கடையின் பலகையை இறக்கினார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக் கூடத்தில், தானே ஓடித் துடைக்கும் ரோபோ மெஷின் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். "என்னமா ஓடுது பாரு! ஆனா கெட்டுப்போனா பாக்க இந்தப் பக்கம் ஆளே இல்ல ஜோதி" என்றவர், அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு என்னைக் கேம்ப் ரோட்டுக்கு இழுத்துப் போனார். அங்கே காலியாக இருந்த ஒரு கடையின் ஷட்டர் இடுக்கில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது நெற்றியெல்லாம் துரு, முகமெல்லாம் சிரிப்பு.

"வெளிச்சம் நல்லா இருக்கு. இங்க ரிப்பேர் கடை போட்டுடலாம். நீ வேலையை விட்டுட்டு வந்துடுறியா?"

"வரேன் மேடம்" என்றேன்.

உண்மையாகவே வந்திருப்பேன். போய் வாருங்கள், மேடம்.